பிளாட்பாரக் கடை

“பத்தே நிமிடத்தில் உங்கள் கடை ஆன்லைனில்” என்ற விளம்பரம் இப்போது எல்லோர் போனுக்கும் வருகிறது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு கடை வந்துவிடும்தான். அது யாருடைய கடை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் பொன்னேரியில் இருந்துகொண்டு ஆன்லைன் கடைகள் செய்துகொடுப்பவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியிருக்கும் சின்னப் பட்டறைகள், பொதட்டூர்பேட்டைத் தறித்துணி விற்பவர்கள், பழவேற்காட்டில் பனையோலைக் கூடை பின்னும் பெண்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் மூச்சுக்கு முந்நூறு முறை ‘பிளாட்ஃபார்ம்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் பிளாட்பாரக் கடை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். விரிக்கச் சுலபம். யாராவது வந்து “எடு” என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பெயர் வைத்தவர்கள் அறியாமலே சரியாக வைத்துவிட்டார்கள்.

ஷாப்பிஃபையின் பிறப்புக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் கனடாவின் ஒட்டாவாவில் தோபியாஸ் லுட்கேயும் கூட்டாளிகளும் பனிச்சறுக்குப் பலகை விற்க ஓர் இணையக் கடை போட நினைத்தார்கள். அன்று கிடைத்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல், தானே உட்கார்ந்து எழுதினார் லுட்கே. கடையைவிட அந்த மென்பொருளுக்கு மதிப்பு அதிகம் என்று புரிந்ததும் 2006இல் அதை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். கடைக்காரன் தன் சரக்குக்கு ஏற்ற கடையைத் தானே கட்டிக்கொண்ட கதை இது. அந்தக் கதையைக் காட்டித்தான் “நீங்கள் எதையும் கட்ட வேண்டாம்” என்று நமக்கு விற்கிறார்கள்.

சரக்குக்கு ஏற்ற கடை என்றால் என்ன? பனையோலைக் கூடையைப் பார்ப்போம். முப்பது செண்டிமீட்டர் நீளம், முப்பது அகலம், இருபத்தைந்து உயரம். எடை முந்நூறு கிராம்கூட வராது. ஆனால் கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து, அதைத்தான் எடை என்பார். 22,500ஐ 5000ஆல் வகுத்தால் நாலரை கிலோ! 250 ரூபாய்க் கூடைக்குள் இருக்கும் காற்றுக்கு நாம் கூரியர் கட்டுகிறோம். பின்னுகிற அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு அனுப்பு தம்பி, சந்தைக்கு நாங்க அப்படித்தானே எடுத்துட்டுப் போறோம்?”

தீர்வு அவ்வளவுதான். மூன்று அளவுக் கூடைகளை அடுக்காக விற்க வேண்டும். யாராவது ஒற்றைக் கூடையை எடுத்தால், “இதே கூரியர் செலவில் இன்னும் ரெண்டு சின்னது உள்ளே வைக்கலாம்” என்று கடையே சொல்ல வேண்டும். சொந்த நிரலில் இது ஒரு சாயங்கால வேலை. வாடகை மேடையில் இதற்கு ஓர் ‘ஆப்’ தேட வேண்டும், அதற்குத் தனியாக மாத வாடகை. பணம் கட்டும் பக்கத்தில் இதைக் காட்ட வேண்டுமென்றால் இன்னும் விலைகூடிய திட்டத்துக்கு ஏறச் சொல்வார்கள். ஷாப்பிஃபையின் சொந்தப் பணப்பட்டுவாடா வசதி இந்தியாவில் கிடையாது. அதனால் வெளி கேட்வே வழியே வாங்கும் ஒவ்வொரு பணத்துக்கும் கேட்வேக்குத் தருவதுபோக, அடிப்படைத் திட்டத்தில் 2 சதவீதம் அவர்களுக்கும் தர வேண்டும். தராத வசதிக்கு வரி. இதோடு மாத வாடகை, ஆப் வாடகை எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் என்று வையுங்கள். மாதம் நாற்பது கூடை விற்றால், கூடைக்கு ஐம்பது ரூபாய் போய்விட்டது. ஒரு கூடை பின்னும் கைகளுக்குக் கிடைக்கும் கூலியை இதன் பக்கத்தில் எழுதிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பட்டறைக்காரர்கள் கதை வேறு. போல்ட்டும் வார்ப்பு உதிரிபாகமும் விற்கிறவருக்கு ‘கூடையில் சேர்’ பொத்தான் எதற்கு? அவருடைய வியாபாரம் முழுக்க விலை கேட்பது, பேரம், நாற்பத்தைந்து நாள் கடன். கேட்டது ஒரு விலைப்பட்டியலும் வாட்ஸப் பொத்தானும். விற்றுக்கொடுத்தது துணிக்கடை டெம்ப்ளேட். முகப்பில் கூலிங்கிளாஸ் போட்ட பெண் படம், கீழே ஹெக்ஸ் போல்ட்.

சொந்தக் கடை தலைவலி, அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரிச் சந்தையில் போய் உட்கார்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கே வாங்கியவரின் போன் நம்பர்கூட விற்றவர் கையில் தங்காது. அடுத்த தடவை அதே ஆள் கூடை தேடினால், பக்கத்தில் பிளாஸ்டிக் கூடையைக் காட்ட மேடைக்குப் பூரண உரிமை உண்டு. சட்டமும் இருக்கிறது. முன்பு இந்தச் சந்தைகளில் சரக்கு விற்க, எவ்வளவு சின்ன ஆளாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு விலக்கு தந்தார்கள். நல்லது. ஆனால் எல்லைப்புற ஊரில் இருந்து அதைப் பாருங்கள். பதிவு இல்லாதவர் இந்தச் சந்தை வழியாக எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கன்னியாகுமரிக்கு அனுப்பலாம். ஆரம்பாக்கம் தாண்டியதும் வரும் தடாவுக்கு அனுப்பக் கூடாது, அது ஆந்திரா. தினமும் இங்கிருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் புதுசு என்று நினைப்பவர்கள் பழவேற்காட்டுக்கு ஒருமுறை வந்து டச்சுக் கல்லறைகளைப் பார்க்கலாம். டச்சுக் கம்பெனி 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதற்குத் துணிதான் பெரிய காரணம். தென்கிழக்காசியத் தீவுகளில் வாசனைப் பொருள் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரைத் துணி நன்றாக வேலை செய்தது. கம்பெனி வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கும், வியாபாரி நெசவாளிக்குக் கொடுப்பான்.  எந்தக் கட்டம், எத்தனை முழம், என்ன சாயம் என்பதைக் கடலுக்கு அப்பால் இருக்கும் வாங்குபவரின் ருசி முடிவு செய்யும். அந்த வாங்குபவர் யார் என்று நெசவாளிக்குக் கடைசிவரை தெரியாது. மலாய்க்காரர்கள் கட்டம்போட்ட கைலித்துணியை இன்றும் ‘காயின் பெலேகாட்’ என்கிறார்கள். பெலேகாட் என்பது பழவேற்காடுதான். ஊர்ப் பேர் நானூறு வருஷம் தாண்டி நிற்கிறது. நெய்தவர் ஒருவர் பேராவது நமக்குத் தெரியுமா?

கம்பெனியையும் மேடையையும் நான் ஒன்றென்று சொல்லவில்லை. கோட்டை கட்டியவனிடம் பீரங்கி இருந்தது. இவர்களிடம் இருப்பது ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்ற டிக் பெட்டி. ஆனால் வாங்குபவரை அறிவது யார் என்ற கேள்வி அன்றும் இன்றும் ஒன்றேதான்.

என் கோபத்தில் பாதி கனடாக்காரர் மேல் இல்லை. நம்மூர் ஏஜென்சிகள் மேல். கூடைக்காரப் பெண்கள் என்னிடம் வருவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு கடை இருந்தது. பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்திருந்தார்கள். மாற்றுவதற்காக நான் உள்ளே போய்ப் பார்த்தால் டொமைன் ஏஜென்சிக்காரர் பேரில், கடைக் கணக்கு அவருடைய மின்னஞ்சலில், கேட்வே மட்டும் இவர்கள் வங்கிக் கணக்கில். அதுவும் வங்கி விடாது என்பதால். “டொமைன் எங்க பேர்ல இருந்தா உங்களுக்குத்தான் வசதி மேடம், ரினியூவல் தொல்லை இல்ல” என்று சொல்லியிருக்கிறார். திருப்பிக் கேட்டபோது ‘டிரான்ஸ்ஃபர் சார்ஜ்’ என்று எட்டாயிரம் சொன்னார். அந்தப் பெயரில் துணிப்பையெல்லாம் அச்சடித்தாகிவிட்டது. இதற்கு எங்கள் ஊரில் ‘டெப்லாய் பண்ணிக் கொடுத்தோம்’ என்று பெயர். சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு கிரகப்பிரவேசம் நடத்திவைப்பது.

சொந்தமாகக் கட்டுவதில் சிரமமே இல்லை என்று சொன்னால் நானும் விளம்பரக்காரன்தான். 2011இல் வந்த வூகாமர்ஸ் திறமூல மென்பொருள், வேர்ட்பிரஸ் மேல் ஓடும், வாடகை இல்லை. ஆனால் புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் காலையில் உங்கள் கூடைக்கடை சூதாட்ட விளம்பரம் காட்டும். மஜெந்தோவின் முதல் பதிப்புக்கு 2020 ஜூனோடு ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அதில் கடை வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. சொந்த வீடு என்றால் ஓட்டை நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றத் தெரிந்த பையன்கள் இந்த வட்டாரத்தில் ஒரு தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், பொறியியல் முடித்துவிட்டு சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போய்க்கொண்டு. கடைகளை அவர்களிடம் கொடுங்கள் என்கிறேன். 2021 டிசம்பரில் பதிவான ஓஎன்டிசி, விற்கும் ஆப்பையும் வாங்கும் ஆப்பையும் பிரித்துவைத்தது நல்ல யோசனை. 2022 ஏப்ரலில் சோதனை ஓட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் இருந்தது. ஆனால் அங்கேயும் சரக்குப் பட்டியல் ஏதோ ஒரு விற்பனை ஆப்காரரிடம்தான் போய் உட்காருகிறது.

இப்போதெல்லாம் ஒரு வரி நிரல் எழுதும் முன்பே டொமைனை அவரவர் பேரில், அவரவர் மின்னஞ்சலில் வாங்கவைக்கிறேன். அரைநாள் போய்விடுகிறது. அக்காவுக்கு மின்னஞ்சல் இருக்கும், கடவுச்சொல் தெரியாது. ஓடிபி மகன் நம்பருக்குப் போகும். மகன் கும்மிடிப்பூண்டியில் ஷிப்டில் இருப்பான், கேட்டுக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். இரண்டு மணிக்கு ஷிப்ட் விடும்வரை நானும் அக்காவும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கிறார்.