கைவினைக் களம்: தேய்ப்பு இயந்திரத்தின் கோணலைத் தீர்த்தல்

சென்ற கிழமை இப்பகுதியில் உளி தீட்டும் கல்லைப் பற்றி எழுதியிருந்தேன். அதனை வாசித்த மாணவர் ஒருவர் கடிதம் எழுதியுள்ளார். 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிற் புகுத்தப்பட்ட தொழினுட்பப் பிரிவிலே கற்பவர் அவர். சேமித்த பணத்தில், மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய தேய்ப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினாராம். ஒருபுறம் அரத்தாள் ஒட்டிய வட்டத் தட்டும் மறுபுறம் உருளைகளின்மேல் ஓடும் அரத்தாட் பட்டியுமாக, கடைக்காரர் 'சாண்டர்' என்று விற்கும் பொறி அது. "இதிலே தேய்த்த பலகை ஒன்றேனும் சதுரமாய் அமையவில்லை. விலை கூடிய இயந்திரம் வாங்கப் பணம் சேரும்வரை காத்திருப்பதா, கைச் சீவுளிக்கே திரும்புவதா?" என்று வினவுகிறார்.

இரண்டும் வேண்டா என்பதே என் விடை. இவ்விடையைக் கூற எனக்கு ஓரளவு தகுதியும் உண்டு. அத்தகைய பொறி ஒன்றோடு நானும் நான்கு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் என் தாயாரின் படம் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி முடிவில், வலிகாமத்து மக்கள் மழையிலும் இருளிலும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சேலை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுசென்றமையால் அது தப்பியது. திரும்பி வந்தபின் போட்ட சட்டத்தைக் கறையான் தின்றுவிட்டது. வரும் ஆண்டுத் திவசத்துக்கு முன் புதுச்சட்டம் ஒன்று செய்து மாட்டவேண்டும் என்பது என் தங்கையின் வேண்டுகோள். 2020ஆம் ஆண்டு மார்கழியில் வந்த புரெவிப் புயலில் எங்கள் வளவில் முதிர்ந்த பனை ஒன்று சாய்ந்தது. அதன் வைரத்தை அறுத்து நிழலிற் காயவைத்திருந்தேன். தாயார் வாழ்ந்த வளவின் பனை. அவர் படத்துக்கு அதனினும் பொருத்தமான மரம் வேறெது?

ஆயினும் பனை எளிதில் வசப்படும் மரமன்று. உண்மையில் அதனை மரம் என்பதே வழக்குப் பற்றித்தான். புறத்தே வைரமுடையதைப் புல் என்றும் அகத்தே வைரமுடையதை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். பனையின் வைரம் வெளிப்புறத்தே உள்ளது; உட்புறம் மென்மையான சோற்றி. அவ்வைரத்திலும் கருநிற நார்கள் இரும்புபோற் கடினமாயும், அவற்றினிடையேயுள்ள பகுதி மெதுவாயும் இருக்கும். சீவுளியை ஓட்டினால் நார் பிளந்து சிராய் எழும். கையில் ஏறினால் எளிதில் வராது. அரத்தாளைக் கையாற் பிடித்துத் தேய்த்தாலோ மெதுவான பகுதி முதலில் தேய்ந்து, நார்கள் வரம்புகளாய் மேலே நிற்கும். தாளின் பின்னே வளையாத தட்டு ஒன்று இருந்தாற்றான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். ஆகவே பனைச்சட்டம் செய்பவனுக்குத் தேய்ப்பு இயந்திரம் வெறும் ஆடம்பரமன்று. 1990ஆம் ஆண்டில் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் நம் தச்சர்கள் நெடுங்காலம் எல்லாவற்றையும் கையாலேயே முடித்தார்கள் என்பதை நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

கடையிலிருந்து வந்த பொறி பார்வைக்கு அழகாயிருந்தது. தட்டின் விட்டம் 150 மில்லிமீற்றர். பட்டியின் அகலம் 100 மில்லிமீற்றர். முதற் சட்டத்தைத் தேய்த்துப் பொருத்தினேன். மூன்று மூலைகள் கூடின. நான்காவது மூலை வாய் திறந்து நின்றது. இரண்டாவது சட்டமும் அவ்வாறே. மூன்றாவதைப் பார்த்த தங்கை ஒன்றும் சொல்லாமற் குசினிக்குட் போய்விட்டாள். உலர்ந்த பனை வைரமோ இன்னும் ஒரு சட்டத்துக்கே போதுமானதாயிருந்தது.

ஏன் நான்காவது மூலை மட்டும் திறக்கிறது? கணக்கு எளிது. ஒரு சட்டத்தில் எட்டு முனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 45 பாகையாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முனையிலும் அரைப் பாகை பிழைத்தால் எட்டும் சேர்ந்து 4 பாகை. முதல் மூன்று மூலைகளையும் இறுக்கி ஒட்டிவிட்டால் அப்பிழை முழுவதும் கடைசி மூலைக்குப் போய்ச்சேரும். 40 மில்லிமீற்றர் அகலமுள்ள சட்டத்தில் அவ்விடைவெளி ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் ஆகும். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து மறைக்கலாம். ஆனால் இது அம்மாவின் படமல்லவா?

அயலிலுள்ள முதிய ஆசாரியார் ஒருவரிடம் முறையிட்டேன். இயந்திரத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "தம்பி, உம்மடை மூலைமட்டத்தைச் சோதிச்சனீரோ?" என்று மட்டும் கேட்டார். நான் சோதிக்கவில்லை. விளிம்பு நேரான பலகை ஒன்றில் மட்டத்தை வைத்துக் கூரான பென்சிலால் ஒரு கோடு கீறச் சொன்னார். பின்னர் மட்டத்தை மறுபுறமாகப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியானால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். பிழையானால் கோடுகள் விலகும், அவ்விலகலும் உள்ள பிழையின் இருமடங்காய்த் தோன்றும். என் மட்டத்தில் கோடுகள் விலகின. பிழையான அளவுகோலைக் கொண்டு நான் இயந்திரத்தை மூன்று தடவை 'சரிப்படுத்தி' இருந்தேன்! வாசகர்கள் முதலில் இச்சோதனையைச் செய்துவிட்டே மேலே வாசிக்க வேண்டுகிறேன்.

நல்ல மட்டம் ஒன்றை இரவல் பெற்றபின், தங்கையின் மகன் வேலையில் இறங்கினான். அவனும் தொழினுட்பம் கற்பவன், என்னிலும் பொறுமைசாலி. மின்செருகியைக் கழற்றி என் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் பொறியைத் தொட்டான். மட்டத்தை மேசையில் நிறுத்தித் தட்டோடு சேர்த்துப் பார்த்தான். பின்பு மேசையின் வெளிவிளிம்பை விரலால் மெல்ல அழுத்தினான். மட்டத்துக்கும் தட்டுக்குமிடையே ஒளி தெரிந்தது. "மாமா, மெசினிலை பெரிய பிழை இல்லை. நீங்கள் கையை ஊண்டேக்கை மேசைதான் சரியுது" என்றான்.

மலிவான பொறிகளின் முதற்குறை இதுவே. மோட்டார் பெரும்பாலும் பழுதில்லை; மேசையும் அதனைத் தாங்கும் பிடிகளுமே மெல்லியவை. மேசை ஒரு பாகை சரிந்தால், 25 மில்லிமீற்றர் தடித்த பலகையின் முனையில் மேலுக்கும் கீழுக்கும் 0.44 மில்லிமீற்றர் வேறுபாடு உண்டாகும். கண்ணுக்குச் சிறிது, மூட்டுக்குப் பெரிது. நாங்கள் செய்த பரிகாரம் இது: பொறியின் அடியைக் கனமான முதிரைப் பலகையில் நான்கு திருகாணிகளால் இறுக்கினோம். அதனால் அதிர்வும் பெரிதுங் குறைந்தது. மேசையின் வெளிவிளிம்புக்குக் கீழே, அதே பலகையிலிருந்து எழும் முண்டுகட்டை ஒன்றை அளவாக வெட்டி நிறுத்தினோம். மேசையின்மேல் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்றைப் பொருத்தி, தட்டுக்கும் அதற்குமிடையே 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளி விட்டோம். எஞ்சிய சிறு சரிவைத் தீர்க்க, மேசையின் பிடிக்கடியில் குளிர்பானத் தகரத்தின் துண்டுகளை வைத்தோம். அத்தகரத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் என்பதால் நுண்ணளவில் உயர்த்த அதைவிட மலிவான பொருள் கிடையாது.

அடுத்தது தட்டின் ஆட்டம். ஒரு கட்டையில் ஆணியைப் பாய்ச்சி, அதன் முனை தட்டைத் தொடும் தறுவாயில் நிற்குமாறு மேசையில் இறுக்குங்கள். தட்டைக் கையாற் சுழற்றுங்கள். எழுதும் கடதாசி ஒன்றின் தடிப்பும் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றரே, ஆணிக்கும் தட்டுக்குமிடையே எத்தனை தாள் நுழைகிறது என்று ஒவ்வோரிடத்திலும் பார்த்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். எங்கள் தட்டு மூன்று தாள் அளவு ஆடிற்று. தட்டைக் கழற்றியபோது, அதனைத் தண்டோடு பிடிக்கும் சிறுதிருகாணி கடித்த இடத்திற் பிசிறு எழுந்திருந்தது தெரிந்தது. அரத்தால் அதைத் தட்டையாக்கி மீண்டும் மாட்டினோம். ஆட்டம் ஒரு தாளுக்கு இறங்கியது.

பாகைமானி ஓடும் தவாளிப்பு தட்டுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். இதைச் சோதிப்பதில் மருமகன் காட்டிய நுட்பத்தைப் பலர் அறியார். அவன் ஆணிக்கட்டையைத் தவாளிப்பில் ஓடும் சலாகையிற் பூட்டினான். தட்டில் ஒரு புள்ளியிட்டு, அப்புள்ளியை இடப்புறம் கொண்டுவந்து ஆணியைத் தொடவைத்தான். பின் தட்டைத் திருப்பி, அதே புள்ளியை வலப்புறம் கொண்டுவந்து, ஆணியையும் அங்கே நகர்த்திப் பார்த்தான். இருபுறமும் ஒரே புள்ளியை அளப்பதால் தட்டில் எஞ்சிய ஆட்டம் கணக்கிற் கலவாது. வேறுபாடு இருந்தால் மேசையின் திருகாணிகளைத் தளர்த்தி, மெதுவாகத் தட்டித் திருப்பிச் சரிசெய்யலாம்.

இவை முடிந்தபின் ஒரு கட்டைத்துண்டின் இரு பாதிகளையும் முனை தேய்த்து, ஒன்றைப் புரட்டாமலே இரண்டையும் கண்ணாடித் தகட்டின்மேல் முகத்துக்கு முகம் வைத்துப் பாருங்கள். சரிவு இருப்பின் இங்கும் இருமடங்காய்த் தெரியும்.

பாகைமானியைப் பற்றி ஒரு சொல். மலிவான பொறிகளோடு வரும் பாகைமானியின் கோடுகளை நம்பவேண்டா. அது தவாளிப்பினுள் இடமும் வலமும் ஆடும். ஆசாரியார் சொன்னபடி நாங்கள் அதை ஒதுக்கிவிட்டு, தவாளிப்பில் ஓடும் பலகை ஒன்றில், கூர்முனை தட்டை நோக்கிய செங்கோண மூலை ஒன்றைப் பதித்தோம். சட்டத்தின் ஒரு முனையை அம்மூலையின் இடப்புறத்திலும், மறுமுனையை வலப்புறத்திலும் அணைத்துத் தேய்க்கவேண்டும். இதிலுள்ள நயம் யாதெனில், ஒரு பக்கம் 44 பாகையாய்ப் போனால் மறுபக்கம் தானாகவே 46 ஆகும். இரண்டும் கூடும் மூலை 90 பாகையே. அச்செங்கோணம் மட்டும் பிழையாதிருந்தாற் போதும். கட்டடம் கட்டும் மேசன்மார் மூலை பிடிப்பதுபோல ஒரு கரையில் 300, மற்றக் கரையில் 400 மில்லிமீற்றர் அளந்து, குறுக்கே 500 வருகிறதா என்று பார்த்து அதனை உறுதிசெய்தோம். எதிரெதிர்ச் சட்டங்கள் நீளத்திலும் சமனாயிருத்தல் வேண்டும். இன்றேல் கோணம் சரியாயிருந்தும் மூலை கூடாது.

தேய்க்கும்போது தட்டு கீழ்நோக்கிச் சுழலும் பாதியையே பயன்படுத்துக. மற்றப் பாதி பலகையை மேலே தூக்கி எறியும். தட்டின் விளிம்பு விரைவாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் ஓடுவதால், பலகையை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்தவேண்டும். பலமாக அழுத்துவது பயனற்றது. அழுத்தினால் மேசை வளையும், பனைநாரும் கருகும். தாளிலும் பட்டியிலும் தூள் அடைந்துவிட்டால் அதை எறிந்துவிடாதீர்கள். பழைய கிறேப் இறப்பர் செருப்பு அடியை ஓடும் பட்டியில் மெல்லப் பிடித்தால் தூள் உருண்டு உதிரும். கிறேப் இறப்பர் நம் நாட்டிலேயே விளைவது.

கனடாவிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பும் பொறிகளைப் பற்றியும் எச்சரிக்கவேண்டும். அவை 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஆக்கப்பட்டவை. நிலைமாற்றி வோல்ற்றளவைக் குறைக்குமேயன்றி, நம் நாட்டின் 50 ஹேர்ட்ஸை மாற்றாது. ஆதலால் தூண்டல் மோட்டார் ஆறிலொரு பங்கு வேகங்குறைந்து ஓடும், சூடும் கூடும். இடையிடையே ஆறவிடுக. ஐரோப்பாவிலிருந்து வருவனவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

முகத்துக்குத் துணி கட்டுவதோடு நின்றுவிடவேண்டா. நல்ல தூசிமறைப்பு அணியுங்கள். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை 1995ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் உறுதிப்படுத்தியுள்ளது. பனைத்தூள் கண்ணிலும் உறுத்தும். வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்வது நன்று.

எங்கள் கடைசிப் பனைத்துண்டைத் தேய்க்குமுன் மருமகன் வேப்பம்பலகையில் இரண்டு சட்டங்கள் செய்து பார்த்தான். அவற்றில் மூலைகள் கூடின. பின்பு பனையைத் தொட்டோம். 80ஆம் இலக்கத் தாளில் தொடங்கி 120, 180 என்று போனோம். ஒட்டி, கயிற்றாற் சுற்றி இறுக்கி, ஓரிரவு விட்டோம். மறுநாள் தங்கை வந்து நான்கு மூலைகளையும் விரலாற் தடவிப் பார்த்துவிட்டு, "ஆச்சியின்ரை படத்தைக் கொண்டு வா" என்று மகனிடம் சொன்னாள்.

ஒரு மூலையில் மட்டும் இன்னும் கடதாசித்தாள் ஒன்று நுழையும். அதை இடப்புறம் கீழே வரும்படி மாட்டியிருக்கிறோம்.