33,040 ரூபாய்க்கு ஒரு மைக்ரான்

டிஸ்கி: ஞாயிற்றுக்கிழமையைக் காருக்கே எழுதி வைத்துவிட்டு, நிழலில் நிறுத்தி, தானே கழுவித் தானே துடைக்கிற புண்ணியவான்களுக்கு இது இல்லை. அவர்கள் எதைப் பூசினாலும் கார் மின்னும். இது மீதி நம் எல்லோருக்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கார் எடுக்கும்போது ஷோரூமில் தலையில் கட்டுகிற செராமிக் கோட்டிங், லோன் போட்டுக் கார் வாங்குகிற குடும்பத்துக்குத் தண்டச் செலவு. தகர டின்னில் வருகிற பழைய வேக்ஸ் போதும். "போடா, உனக்கு சயின்ஸ் தெரியாது, நீ பி.காம்" என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சயின்ஸும் வருகிறது, பி.காமும் வருகிறது.

முதலில் அந்த '9எச்'. எல்லா செராமிக் பாட்டிலிலும் இது இருக்கும். விற்கிறவர் சொல்லும்போது வைரத்துக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி ஒரு தோரணை. விஷயம் என்னவென்றால் இந்த எச், நாம் ஸ்கூலில் படம் வரைந்த பென்சிலில் இருக்கிற அதே எச். ஒரு பென்சிலைச் சீவி, 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடையோடு பெயிண்ட் மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லையோ அதுதான் மதிப்பெண். அந்த வரிசையில் கடைசிப் பென்சில் 9எச். அவ்வளவுதான். பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும். நம் காரைக் கீறுவதோ மணல். மணலில் இருக்கிற குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. பென்சிலுக்குத் தாங்கினது மணலுக்கும் தாங்கும் என்று எந்தப் பரீட்சையும் சொல்லவில்லை. இரண்டு அளவுகோலிலும் எண் இருப்பதால், 9 என்றதும் 7-ஐவிடப் பெரிது என்று நாமே போட்டுக்கொள்கிறோம். அவர்களும் திருத்துவதில்லை.

அடுத்தது கனம். காரின் மேல் கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர்கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். காய்ந்த செராமிக் படலம்? ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு மைக்ரான். முடியில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாத ஒன்றுக்குத்தான் "ஸ்க்ராட்ச் ப்ரூஃப் சார்" என்கிறார்கள்.

நியாயமாக இருக்க வேண்டும் என்பதால் அது செய்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். அழுக்கு சீக்கிரம் கழன்று வரும். காக்கா எச்சம், புளியமரத்துப் பிசின் போன்ற சமாசாரங்கள் பெயிண்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். இதெல்லாம் உண்மை. ஒழுங்காகப் போட்டால் வருஷக்கணக்கில் நிற்கும் என்பதும் உண்மை.

அந்த 'ஒழுங்காக'தான் வில்லங்கம். பூசிய பிறகு குறைந்தது ஒரு நாள் ஈரமே படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு படக்கூடாது என்பார்கள். நம் ஊரில் டெலிவரி எப்படி நடக்கிறது? புதன்கிழமை நல்ல நேரம் ஒன்பதேகாலுக்கு என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். செவ்வாய் சாயங்காலம்தான் ஷோரூமில் வண்டியைத் தேடிப் பிடிக்கிறார்கள். ராத்திரி ஒரு பையன் ஒற்றை டியூப்லைட்டில் பூசுகிறான். காலையில் இன்னொரு பையன் வாட்டர் வாஷ் அடித்து, ரிப்பன் கட்டி நிறுத்துகிறான். பிறகு நாம் கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போய் பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை, மேலே தீர்த்தம். 9எச் படலம் காய்வதற்கு நாம் கொடுத்த அவகாசம் பன்னிரண்டு மணி நேரம் :-)

இந்தப் பொருள் புதுசு, இந்த வியாபாரம் பழசு. 2000-களில் இதே மேஜையில், இதே சிரிப்போடு விற்றது 'டெஃப்லான் கோட்டிங்'. எங்கள் அப்பா தலைமுறையில் பழைய பில்லைத் தேடிப் பார்த்தால் கிடைக்கும். டெஃப்லான் 1938-ல் டூபான்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள். அது உருகுவது 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் ஒட்டவைப்பதற்கு அதைவிட அதிகச் சூட்டில் வேக வைக்கிறார்கள். காரை அப்படி வேக வைத்தால் டயர் முதல் டேஷ்போர்டு வரை என்ன மிஞ்சும்? பேர் பழசானதும் டெஃப்லான் போய் செராமிக் வந்தது. இப்போது 'கிராஃபீன்' வந்திருக்கிறது. 2010-ல் இரண்டு பேருக்கு நோபல் வாங்கிக் கொடுத்த பொருளின் பெயர், வாட்டர் வாஷ் கடை போர்டில். செராமிக்கில் நிஜமாகவே வேதியியல் இருக்கிறது, டெஃப்லானோடு அதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். விற்கிற விதம்தான் ஒரே தட்டு.

சரி, பி.காம். போன மாதம் சித்தப்பா முதல் முதலாகக் கார் எடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் கார். கொட்டேஷனில் கடைசியில் ஒரு வரி: பெயிண்ட் ப்ரொடெக்ஷன் 28,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 33,040. "தனியா கட்ட வேணாம் சார், லோன்லயே சேர்த்துடலாம், மாசம் எழுநூறு ரூபாய்கூட வராது" என்றார் விற்பனைத் தம்பி. உண்மைதான், எழுநூறு வராது. ஒன்பதரை சதவீதம் வட்டி, 60 மாதம் என்று போட்டால் மாதம் 694. மொத்தமாகக் கூட்டினால் 41,634. மினுமினுப்புக்கு மட்டும் வட்டி எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. அதுவும் சித்தப்பா ஐந்து வருஷம் கட்டுவார். 'ஐந்து வருஷ வாரண்டி' என்கிற அட்டையில், வருஷத்துக்கு ஒரு முறை அதே கடைக்கு வந்து காசு கொடுத்து மெயின்டனன்ஸ் செய்யாவிட்டால் வாரண்டி போச்சு என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கீறலுக்கு வாரண்டி கிடையாது, எச்சத்துக்குக் கிடையாது, போர் தண்ணீர்க் கறைக்குக் கிடையாது. பின்னே எதற்கு என்று கேட்டால் மேனேஜரைக் கூப்பிடுகிறார்.

இந்தப் பக்கம் வேக்ஸ். எண்ணூறு ரூபாய் டின் ஒன்று, மெல்லிசாகப் பூசினால், சின்னக் காருக்கு எட்டு தடவை வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றால் ஐந்து வருஷத்தில் முப்பது தடவை, நாலு டின், 3,200 ரூபாய். ஷாம்புவும் மைக்ரோஃபைபர் துணியும் இரண்டுக்குமே வேண்டும். பொதுச் செலவை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது (காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் படித்தால் சந்தோஷப்படுவார்). வித்தியாசம் 38,434 ரூபாய். "உன் உழைப்புக்கு விலை இல்லையா?" என்று கேட்பீர்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், முப்பது மணி நேரம். மணிக்கு 1,281 ரூபாய். எனக்கு அந்தச் சம்பளத்தில் வேலை கொடுக்க யாராவது தயார் என்றால் நான் வேக்ஸ் பூசுவதை நிறுத்திவிடுகிறேன்.

"விற்கும்போது நல்ல விலை போகுமே" என்பது அடுத்த பாணம். இன்சூரன்ஸில் ஐடிவி என்று ஒன்று உண்டு, வண்டியின் மதிப்பு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிப்பார்கள், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, பிறகு 30, 40, ஐந்தாம் வருஷத்தில் 50. அந்த அட்டவணையில் பளபளப்புக்குக் கட்டம் இல்லை. பழைய கார் வாங்குகிறவர் பார்ப்பது கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகம், ஆக்சிடென்ட் ஆனதா, எத்தனையாவது ஓனர். அதோடு, நம் ஊர் டிராஃபிக்கில் ஐந்து வருஷத்தில் ஏதாவது ஒரு கதவை ஆட்டோ உரசாமலா விடும்? அந்தக் கதவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்ததுமே அதன் கோட்டிங் காலி.

வேக்ஸுக்கு நான் வக்காலத்து வாங்குவதால் அதன் லட்சணத்தை மறைக்கப் போவதில்லை. நல்ல டின்னில் இருப்பது கார்னூபா. பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட பூமியில் வளரும் ஒரு பனை, ஈரம் போகாமலிருக்கத் தன் ஓலைக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. ஓலையை வெட்டிக் காயப்போட்டு, அடித்து உதிர்க்கிறார்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்புக் கொடுப்பதும் இதுதான். இது உருகுவது 80 டிகிரிக்கு மேல். ஆனாலும் டின்னில் வேறு மெழுகும் எண்ணெயும் கலந்திருப்பதால் நம் மே மாத வெயிலில் ஒன்று, ஒன்றரை மாதத்தில் போய்விடும். மழைக்காலத்திலும் அப்படியே. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் நடுவில் செயற்கை சீலன்ட் இருக்கிறது, நாலைந்து மாதம் வரும், விலையும் வேக்ஸை ஒட்டித்தான். இதை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். கடையில் 'பாலிஷ்' என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். பாலிஷ் சுரண்டும், வேக்ஸ் படியும். இரண்டும் வேறு.

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் வேறு. எங்கள் பிளாட்ஸில் காலை ஐந்தரைக்கு ஒரு அண்ணன் வருவார். பதினான்கு கார். ஒரு காருக்கு மாதம் 500. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் அசோசியேஷன் போட்ட சட்டம், மூன்று காருக்கு ஒரு பக்கெட். பஞ்சம் போய்விட்டது, சட்டம் போகவில்லை. முதல் கார் துடைத்ததும் துணியில் மணல் ஏறிவிடும். மூன்றாவது காருக்கு அவர் பிடித்திருப்பது துணி இல்லை, உப்புத்தாள். வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியுமே, அதெல்லாம் அந்தத் துணியின் கைங்கரியம். கோட்டிங் போட்ட மூன்று கார் எங்கள் பார்க்கிங்கில் நிற்கின்றன. மூன்றிலும் அதே வலை. அதில் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டு, "முப்பதாயிரம் போட்டிருக்கேன், பார்த்துத் துடைப்பா" என்றார். அண்ணன் அறுநூறு கேட்டிருந்தார். கிடைக்கவில்லை. புதுத் துணியும் கிடைக்கவில்லை. கீறல் விழுந்தால் திட்டு மட்டும் அவருக்கு.

கூட ஒரு பக்கெட், காருக்கு இரண்டு மைக்ரோஃபைபர் துணி, முதலில் தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட்டு அப்புறம் துடைப்பது. பெயிண்டைக் காப்பாற்றுவது இதுதான். இது இல்லாமல் கோட்டிங்கும் காப்பாற்றாது, என் அருமை வேக்ஸும் காப்பாற்றாது. போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் இன்னும் மோசம். கோட்டிங் மேல் முத்து முத்தாக நிற்கிறதே என்று நாம் போட்டோ எடுக்கிற துளி ஒவ்வொன்றும் காய்ந்து ஒரு உப்பு வட்டம் விடும். நாளாகி அழுந்திப் படிந்துவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதோடு கோட்டிங்கும் வந்துவிடும். வேக்ஸ் என்றால் அடுத்த தடவை மறுபடி எண்பது, நூறு ரூபாய்க்குப் பூசினால் ஆயிற்று.

பிபிஎஃப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வேறு ஜாதி. பாலியூரித்தேன் ஃபிலிம், 150 முதல் 200 மைக்ரான் கனம். கல் தெறித்தால் உண்மையிலேயே தாங்கும். முழுக் காருக்கும் ஒட்டினால் லட்சத்தைத் தொடும், அது நமக்கு வேண்டாம். ஆனால் வாரா வாரம் ஜிஎஸ்டி ரோட்டில் (இது வரி இல்லை, சாலை) லாரிக்குப் பின்னால் போகிறவர்கள் முன் பம்பருக்கும் பானெட் நுனிக்கும் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். கொடுத்த காசுக்குக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு பொருளாவது இருக்கும்.

சித்தப்பா அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டார். ஷோரூமில் இரண்டு தடவை போன் செய்தார்கள், இருபதாயிரத்துக்கு இறங்கினார்கள். ஒரே போன் காலில் எட்டாயிரம் குறைகிற பொருளின் அடக்க விலை என்னவாக இருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் டின் என் செலவு. போன ஞாயிறு நிழலில் நிறுத்திப் பூசினோம். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையாகத் திட்டுப் பிடித்தால் லேசில் போகாது. ஓரத்தில் பெயிண்ட் கடை மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் நல்லது.