வேரறுத்து முழுமை காட்டும் கல்வி!

நவோதயப் பள்ளிகளுக்கு இடந்தர மறுப்பது ஏழைப் பிள்ளைகளுக்கு இழைக்கும் இரண்டகம் என்று இந்திப் பற்றாளரும் அவர்தம் அடிவருடிகளும் ஓயாது முழங்கி வருகின்றனர். சிற்றூர்ப் பிள்ளைக்கு விலையின்றி உணவு, உடை, உறையுள், நூல். அவற்றோடு இசை, ஓவியம், உடற்பயிற்சி, அறிவியற்கூடம். உடலும் உள்ளமும் அறிவும் ஒருங்கே வளரும் முழுமைக் கல்வி! இதனை வேண்டாவென்று தள்ளுவார் பித்தரல்லரோ என்பது அவர்தம் வினா. சினந்து புறந்தள்ளக் கூடிய வினாவன்று இது. ஏழைத் தாயொருத்தியும் இதே வினாவைக் கேட்கக் கூடும்.

திட்டம் யாது? 1985-86ஆம் கல்வியாண்டில் அரியானாவின் சச்சரிலும் மராட்டியத்தின் அமராவதியிலும் முதலிரு பள்ளிகள் எழுந்தன. 1986-இல் இராசீவ் காந்தி அரசு கொணர்ந்த கல்விக் கொள்கை, இவற்றை மாவட்டத்துக்கொன்றாகப் பரப்பியது. ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு. ஆண்டுக்கு எண்பதின்மர்க்கு மிகாமல் இடம். நூற்றுக்கு 75 இடங்கள் ஊர்ப்புறத்தார்க்கு. இவ்வளவும் கேட்க இனிமையே. நஞ்சு, மொழி வகுப்பில் இருக்கிறது. ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பு வரையே தாய்மொழி. அதன்பின் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில், வரலாறும் குமுகவியலும் இந்தியில் என்பது திட்டத்தின் விதி. சேதுபதிகளின் வரலாற்றையும், ஏன், 1965ஆம் ஆண்டின் மொழிப்போரையுமே தமிழ்ப்பிள்ளை இந்தியிற் படித்தல் வேண்டும்! அத்துடன், ஒன்பதாம் வகுப்பு மாணவருள் நூற்றுக்கு 30 பேரை ஓராண்டுக் காலம் வேற்றுமொழி மாநிலப் பள்ளிக்கு மாற்றும் ஏற்பாடும் உண்டு. ஒருமைப்பாடு என்பது அதற்கு இட்ட பெயர்.

இதன் விளைவை அறிய ஓரூரை எடுத்துக்கொண்டு பார்ப்பது நன்று. பாம்பன் தீவின் தங்கச்சிமடத்தில் பத்து அகவைப் பிள்ளைக்கு வாடை, கொண்டல், கச்சான் என்பன வெறுஞ் சொற்களல்ல. எந்தக் காற்றில் படகு விரைந்து கரைதிரும்பும், எந்தக் காற்றில் தாய் இரவெல்லாம் விழித்திருப்பாள் என்பதை அவன் அச்சொற்களாலேயே அறிந்தவன். பாக்கு நீரிணை அவனுக்கு வடகடல்; மன்னார் வளைகுடா தென்கடல். நீரோட்டத்தை நீவாடு என்கிறான். கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்கிறான். நிலவியலும் வானியலும் உயிரியலும் பள்ளிக்கு வருமுன்பே அவன் நாவில் தமிழாய்ப் பதிந்து கிடக்கின்றன. அவற்றின்மேல் அடுத்த அடுக்கைக் கட்ட வேண்டிய பள்ளி, அடித்தளத்தையே பெயர்த்தெறிந்துவிட்டு வேற்றுமொழியில் புதிதாய்த் தொடங்குமாயின் அது எவ்வகை முழுமை? (அருஞ்செயற் பயிற்சியும் நவோதயத் திட்டத்தின் ஒரு கூறாம். நள்ளிரவில் அலைகடலேறுவான் மகனுக்குத் தில்லி அருஞ்செயல் கற்பிக்கப் போகிறது!)

உள்ளத்தின் வளர்ச்சி பற்றியும் பேசுகின்றனர். 2014 அக்தோபரில் தங்கச்சிமடத்து மீனவர் ஐவர்க்குக் கொழும்பு உயர் அறமன்றம் தூக்குத் தீர்ப்பளித்தது. அடுத்த திங்களே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். 2017 மார்ச்சில் இவ்வூர் இளைஞர் ஒருவர் கடலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தை திரும்புவாரா என்ற அச்சத்தோடு உறங்கும் பிள்ளைகள் வாழும் ஊர் இது. அவ்வச்சத்தையும் சினத்தையும் சொல்லி ஆற்றுதற்கு அவர்களிடம் இருப்பது ஒரு மொழியே. தந்தை சிறைப்பட்ட செய்தி, வடபுலத்து விடுதியில் இருக்கும் பதினான்கு அகவைப் பிள்ளையை எட்டினால் அவன் எவரிடம் எம்மொழியில் அழுவான்?

அதே 2017-இல், சூலை 27ஆம் நாள், இவ்வூரை ஒட்டிய பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைத் தலைமையமைச்சர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். கலாம் கற்ற வகையை அன்று எவரேனும் எண்ணினரா? இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் தமிழிற் கற்கத் தொடங்கியவர் அவர். ஆசிரியர் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவை பறக்கும் முறையைக் காட்டியதே தம் வாழ்வின் திசையை வகுத்தது என்று பலகாலும் கூறியவர். எண்பதின்மரை வடித்தெடுக்கும் தேர்வு அவர்க்கு இருந்ததில்லை. அவர்தம் பிற்கால அரசியல் நிலைகளைத் தமிழுணர்வாளர் பலர் ஏற்பதில்லை, அது நிற்க. கல்வி வகையில் அவர் வாழ்வு நவோதயத்துக்கு மறுப்பேயாகும்.

நினைவிடம் திறந்த இரண்டாம் திங்களில், செப்தம்பரில், நவோதயப் பள்ளிகளுக்கு வழிவிடுமாறு உயர் அறமன்ற மதுரைக் கிளை தமிழக அரசைப் பணித்தது. திசம்பரில் உச்ச அறமன்றம் அதற்குத் தடையளித்தது. வழக்கு அதன்பின்னும் தொடர்ந்தது.

தங்கச்சிமடத்தின் மற்றொரு தொழில் மல்லிகை நாற்று. மணற்பாங்கான நிலத்தில் தண்டுகளை ஊன்றி, வேர்பிடித்த பின்பே பிடுங்கி வெளியூர்த் தோட்டங்களுக்கு விற்கின்றனர். இங்கு வேர்விட்டது எங்கெங்கோ பூக்கிறது. தமிழ்ப்பிள்ளை வெளியுலகு செல்வதைத் தமிழியக்கத்தார் தடுக்கின்றனர் என்று பழிதூற்றுவார் அந்த நாற்றங்கால்களைச் சென்று காண்க.

ஆயினும், நவோதயத்தை மறுத்ததோடு தமிழக ஆட்சியாளரின் கடன் தீர்ந்துவிட்டதா? இருமொழிக் கொள்கை 1968-இல் வந்தது. மாறி மாறி ஆண்ட கட்சிகள் அதன் பெயரால் ஆங்கிலத்தையே வளர்த்தன. 2012-13-இல் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. இந்திக்குத் தெருவாயிலை அடைத்த கையே ஆங்கிலத்துக்குத் தாழ்நீக்கியது. 2021 முதல் தொடங்கிய உண்டுறை மாதிரிப் பள்ளிகளால் ஏழைப் பிள்ளைகள் சிலர் பெருங்கல்வி நிறுவனங்களுள் நுழைந்தனர்; அந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் ஆங்கும் அளவுகோல் நடுவணரசின் நுழைவுத் தேர்வுகளே. பொறுக்கியெடுத்த சிலர்க்கு ஒரு பள்ளி, எஞ்சியோர்க்கு வேறொரு பள்ளி என்னும் நவோதயப் பிரிவினை தமிழ்ப்பெயர் சூடி வந்தால் மட்டும் இனித்துவிடுமா?

நவோதயம் வந்தால் தன் மகளுக்கு இடங்கிடைக்குமா என்று தங்கச்சிமடத்துத் தாய் கேட்பாளாயின் அவளைக் கடிதல் தகாது. அவள் வேண்டுவது மூவேளை உணவு, ஒழுகாத கூரை, நாள்தோறும் வரும் ஆசிரியர். இவற்றைத் தமிழில் தரலாகாதென்று எந்த அறமன்றமும் தடுக்கவில்லை. தீவுப் பிள்ளைகள் அனைவர்க்கும், வடிகட்டும் தேர்வின்றி, பன்னிரண்டாம் வகுப்பு முடியக் கணக்கையும் அறிவியலையும் தமிழிற் கற்பிக்கும் உண்டுறை பள்ளியொன்றைத் தமிழக அரசே கட்டட்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்குப் பொருள் ஒதுக்கப்படுமா என்று, மேடைதோறும் தமிழ் வாழ்க என்று முழங்கும் தொண்டர்கள் தத்தம் தலைவர்களைக் கேட்கட்டும்.