பானுமதி: ஆணவமா, பெருமிதமா?

மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் 'பெருமிதம்' என்ற சொல்லில் நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். நகை, அழுகை, வெகுளி ஆகியவை மாணவர்க்கு எளிதில் விளங்கிவிடுகின்றன. பெருமிதம் விளங்குவதில்லை. திரைப்படத்திலிருந்து எடுத்துக்காட்டுக் கேட்டால், கதாநாயகன் தொடை தட்டிப் பேசும் வசனங்களையே அடுக்குகிறார்கள். ஒரு நடிகையைச் சொல்லுங்கள் என்று அண்மையில் கேட்டபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. நாமே பி. பானுமதியின் பெயரைச் சொன்னோம். "அவங்க ரொம்பத் திமிர் பிடிச்சவங்கன்னு சொல்வாங்களே ஐயா" என்றார் ஒரு மாணவி.

பானுமதி மறைந்தது 2005 டிசம்பரில். அந்த மாணவி அப்போது பிறந்திருக்கவே மாட்டார். பானுமதியின் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பட்டம் மட்டும் அவரை வந்து அடைந்திருக்கிறது. ஒரு கலைஞரின் ஆக்கங்கள் மறைந்து அவரைப் பற்றிய வம்பு மட்டும் வழிவழியாக நிற்குமாயின், பிழை நம்முடையது. 1925இல் பிறந்த அவருடைய நூற்றாண்டும் கடந்துவிட்ட நிலையில், இதைப் பேசாமலிருப்பது முறையன்று.

தந்தையிடம் இசை பயின்ற பானுமதி, 1939இல் சி. புல்லையா இயக்கிய 'வரவிக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகமானபோது பதின்பருவத்துச் சிறுமி. வரதட்சணைக் கொடுமையைச் சாடிய, புகழ்பெற்ற நாடகம் ஒன்றின் திரைவடிவம் அது. பாடத் தெரிந்தவரே நடிக்க முடியும் என்றிருந்த காலம். பத்தாண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. பின்னணிப் பாடல்முறை வேரூன்றியது. முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்றாயிற்று. தமிழில் பானுமதி நடித்த தொடக்கப் படங்களுள் ஒன்றான 'ராஜமுக்தி' (1948), எம்.எல். வசந்தகுமாரி பின்னணிப் பாடகியாக அறிமுகமான படமும் ஆகும். போகும் காலமும் வரும் காலமும் ஒரே படத்தில் சந்தித்துக்கொண்டன எனலாம்.

வந்த காலத்தை நாம் பழிக்கவில்லை. அது இல்லையேல் பி. லீலாவோ ஜிக்கியோ பி. சுசீலாவோ நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த ஏற்பாட்டின் விளைவாக நடிகை பாதியானார், பாடகி மறுபாதியானார். இருவரையும் இணைக்கும் அதிகாரம் தயாரிப்பாளரிடமும் இயக்குநரிடமும் சென்று சேர்ந்தது. பாதியாக மறுத்தவர் பானுமதி. 'ஸ்வர்கசீமா' (1945) தொடங்கி, அவர் முகம் தோன்றும் பாடலில் அவர் குரலே ஒலிப்பது இயல்பு என்றாயிற்று.

இவ்விடத்தில் 'மிஸ்ஸியம்மா'வின் (1955) கதையை நினைவுகூர்தல் தகும். முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. தயாரிப்பாளருடன் மனவேறுபாடு முற்றி அவர் விலக, அவ்வேடம் சாவித்திரிக்குச் சென்றது. சாவித்திரியின் வாழ்வையே அது மாற்றியது, படமும் குறைபட்டுவிடவில்லை. 'திமிரால் கெட்டார்' என்பதற்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சி இன்றளவும் சொல்லப்படுகிறது. சாவித்திரிக்குப் பாடியவர் பி. லீலா என்பதைச் சொல்வோர் மறந்துவிடுகின்றனர். ஒருவர் நின்ற இடத்தை நிரப்ப இருவர் வேண்டியிருந்தனர். தம் மதிப்பை அறிந்த ஒருவர், அதற்குரிய இழப்பையும் தாமே ஏற்றுக்கொண்டு விலகினார் என்றும் இதே கதையைச் சொல்லலாம் அல்லவா?

முகமும் குரலும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று எண்ணியவர், அடுத்துக் காமிராவுக்குப் பின்னாலும் சென்றதில் வியப்பில்லை. கணவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவுடன் அவர் தொடங்கிய பரணி பிக்சர்ஸ் 1953இல் 'சண்டிராணி'யை வெளியிட்டது. கணவரே இயக்குநராயிருந்தும் இப்படத்தைப் பானுமதி இயக்கினார். தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் படம். இயக்குநருக்கே இரட்டை வேடம். பாடல்களும் அவர் குரலில். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் 1952இல் காலமாக, இளைஞர் எம்.எஸ். விஸ்வநாதன் எஞ்சிய இசைப்பணியை நிறைவுசெய்தார். தமிழில் டி.பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை இயக்கியது 1936இல். அதன்பின் பதினேழு ஆண்டுகள் கழிந்தும் பெண் இயக்குநர் என்பது அரிய செய்தியாகவே இருந்தது.

'சண்டிராணி' உயர்ந்த கலைப்படைப்பா என்றால், இல்லை என்பதே நம் விடை. பிரிந்து வளரும் இரட்டைச் சகோதரியரின் ராஜாராணிக் கதை. அக்காலத்து வாய்பாட்டைத் தாண்டவில்லை. பி.என். ரெட்டியின் 'மல்லீஸ்வரி'யில் (1951) காணும் பானுமதியின் நுட்பம் அவரே இயக்கிய படத்தில் இல்லை. பின்னாளில் அவர் இயக்கிய 'இப்படியும் ஒரு பெண்' (1975) முதலியவற்றையும் இயக்கத்திறனுக்காக நாம் போற்றப்போவதில்லை. பெண் இயக்கினார் என்பதற்காக மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது அவரை அவமதிப்பதாகும். எனினும் இருபத்தெட்டு வயதுக்குள், ஒரே கதையை மும்மொழிகளில் நடித்து, பாடி, இயக்கி முடித்த உழைப்பை வரலாற்று நூல்கள் ஒற்றை வரியில் கடந்துபோவதும் நேர்மையன்று.

தமிழில் அவருடைய சிகரம் 'ரங்கோன் ராதா' (1956) என்பது நம் துணிபு. அண்ணாவின் கதை, கலைஞரின் திரைக்கதை வசனம், ஏ. காசிலிங்கம் இயக்கம். மனைவியின் தங்கையை மணந்து சொத்தைக் கைப்பற்றத் துடிக்கும் கணவன், மனைவிக்குப் பைத்தியம் என்று ஊரை நம்பவைக்கிறான். கணவனாகச் சிவாஜி கணேசன்; மனைவி ரங்கமாகப் பானுமதி. தெளிந்த அறிவுடைய ஒருத்தி, மற்றவர் தன்மீது ஒட்டிய சொல்லுக்குள் சிறுகச் சிறுக அடைபடுவதை அவர் மிகையின்றிக் காட்டுகிறார். அழுது அரற்றி இரக்கம் வாங்கும் நடிப்பன்று அது. இன்று பார்க்கையில் ஒன்று உறைக்கிறது: படத்தில் ரங்கத்துக்கு நேர்ந்தது பானுமதிக்கு வெளியிலும் நேர்ந்தது. அங்கே 'பைத்தியம்', இங்கே 'திமிர்'.

அவருடன் பணியாற்றியோர் சொன்ன மனக்குறைகள் அனைத்தும் பொய் என்று நாம் வாதிடவில்லை. எளிதில் வளையாதவர் என்பதை மறுப்பதற்கில்லை. எம்.ஜி.ஆர். இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் கருத்து வேறுபாட்டால் அவருடைய பாத்திரம் பாதியில் முடிக்கப்பட்டதை யாவரும் அறிவர். நம் கேள்வி வேறு. படப்பிடிப்பில் தம் விருப்பப்படியே எல்லாம் நடக்க வேண்டும் என்ற ஆண் நட்சத்திரங்களைக் 'கண்டிப்பானவர்', 'தன்மானம் மிக்கவர்' என்று எழுதிய அதே பேனாக்கள், இவரிடம் வந்தபோது வேறு சொல்லைத் தேடியது ஏன்? அதே எம்.ஜி.ஆர். முதல்வராயிருந்த காலத்தில்தான், 1985 முதல் மூன்றாண்டுகள், தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் பொறுப்பில் பானுமதி இருந்தார். மோதிக்கொண்ட இருவருக்குள்ளும் மதிப்பு இருந்திருக்கிறது. வம்பு பேசியோரிடம்தான் அது இல்லை.

தன்னைத்தானே எள்ளி நகைக்கும் ஆற்றல் ஆணவக்காரரிடம் இராது. பானுமதி எழுத்தாளரும் ஆவார். மாமியார்-மருமகள் உலகை நகைச்சுவையோடு வரைந்த அவருடைய 'அத்தகாரி கதலு' தெலுங்கு வாசகர்கள் கொண்டாடிய தொகுதி. 'நாலோ நேனு' என்ற அவருடைய தன்வரலாறு, திரைத்துறை நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. 'செம்பருத்தி'யில் (1992) பாட்டியாக வந்தபோது, முதுமையை ஒளிக்காமல், அதே மிடுக்கோடு வந்தார்.

பெருமிதம் நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. புகழைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'இசைமை' என்பது நம் பொருளுக்கு வாய்த்த பேறு. கல்வி தந்தையிடமிருந்து வந்தது. அஞ்சாமையை அவர் விலகிய படங்களே சொல்கின்றன. புகழைப் பாட்டு தந்தது. கற்ற இசையை ஒரு கல்லூரியில் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்ததைக் கொடை என்னாமல் வேறென்ன என்பது? ஆணவம் உள்ளீடற்றது, பெருமிதத்துக்கு அடித்தளம் உண்டு. இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்த ஒரு மொழியில் எழுதிக்கொண்டே அவ்வேறுபாட்டை நாம் மறந்திருக்கிறோம்.

அம்மாணவியின் சொல்லுக்கு அன்று வகுப்பில் நாம் விடையிறுக்கவில்லை. விளக்கத்தால் மாறக்கூடிய கருத்தன்று அது. அடுத்த முறை மெய்ப்பாட்டியல் தொடங்குமுன் 'ரங்கோன் ராதா'வைத் திரையிட எண்ணியுள்ளோம். பெருமிதம் என்றால் என்ன என்று அதன் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.