கொத்துற கோழியைப் பிடிச்சு மூடுங்க

மாடியிலயும் கொல்லையிலயும் கோழி வளர்க்கிற டவுன் நண்பர்கள் எனக்குப் போன் பண்ணினா, முக்காவாசிப் பேர் கேக்குறது ஒரே விஷயம்தான். "அண்ணே, ஒரு கோழியை மத்ததெல்லாம் சேர்ந்து கொத்துது. பாவமா இருந்துச்சு, தனியா எடுத்து வெச்சுட்டேன். எப்பத் திரும்பச் சேர்க்கலாம்?"

எடுத்து வெச்சிருக்கவே கூடாதுன்னு சொன்னா கோபம் வருது. ஆனா என் அபிப்பிராயம் அதுதான். அடிபடுறதைப் பிரிக்காதீங்க, அடிக்கிறதைப் பிரிங்க.

கோழிக் கூட்டத்துல யாரு முதல்ல திங்கிறது, ராத்திரி கம்புல யாரு நல்ல இடத்துல உக்கார்றதுன்னு ஒரு வரிசை உண்டு. கோழி வளர்த்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லும். நார்வே நாட்டுல ஷெல்டெருப் எப்பேன்னு ஒருத்தர் சின்ன வயசுலயே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிச்சு வெச்சு, 1920கள்ல அதை ஆராய்ச்சியாவே எழுதிட்டாராம். இந்த வரிசை எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கிறது இல்லை. ஒண்ணை ஒண்ணு அடையாளம் தெரிஞ்சு வெச்சிருக்கிறதுலதான் நிக்குது. அடிபட்ட கோழியைப் பத்து நாள் கண்ணுல படாம வெச்சீங்கன்னா அதோட இடம் போயிடும். திரும்பி வரும்போது அது புதுசா வந்த அந்நியம். முன்னாடி ரெண்டு கொத்து வாங்கினது இப்ப இருபது வாங்கும்.

அதே கொத்துற கோழியைப் பிடிச்சு ஒரு நாலு நாள் பஞ்சாரத்துல மூடிப் பாருங்க. (கொங்குப் பக்கம் கொடாப்புன்னு சொல்லுவாங்க. மூங்கில்ல பின்னின கவுத்துப் போடுற கூடை.) தண்ணி, தீனி எல்லாம் உள்ளே வெச்சிடணும், நிழல்ல வைக்கணும். வெளியில இருக்கிறதுங்க அதுக்குள்ள தங்களுக்குள்ள ஒரு ஒழுங்குக்கு வந்துடும். திறந்து விட்டதும் அந்தப் பெரிய மனுஷி கொஞ்சம் தயங்கித்தான் நடக்கும். மனுஷங்க கதையிலயும் பள்ளிக்கூடத்துல அடி வாங்கின பிள்ளைக்குத்தான் டி.சி. வாங்குறோம், அடிச்சவன் அங்கேயே இருக்கான். அது வேற பேச்சு.

ரத்தம் வந்துட்டா மட்டும் அடிபட்டதை உடனே எடுத்துடணும். சிவப்பைக் கண்டா கோழிக்கு மூக்கு நிக்காது, கொத்திக் கொத்திக் குடலை உருவுற வரைக்கும் போகும். மஞ்சளை வேப்பெண்ணெயில குழைச்சுப் போடுங்க. ஆனா பாத்ரூமுக்குள்ள கொண்டு போய் அடைக்காதீங்க. அதையும் பஞ்சாரத்துல மூடி, மத்ததுங்க மேயுற இடத்துலயே வைங்க. பார்க்க முடியணும், கொத்த முடியக் கூடாது. புதுக் கோழி வாங்கினாலும் இதே வழிதான், ஒரு வாரம்.

இப்பக் கலப்புக் கூட்டம் ஒண்ணு ஃபேஷனா இருக்கு. ரெண்டு சிறுவிடை, ரெண்டு கருங்கோழி, ரெண்டு கிராமப்பிரியா, அழகுக்கு ஒரு கினி. பார்க்க நல்லாத்தான் இருக்கு. கிராமப்பிரியா ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்துல புழக்கடை முட்டைக்காக உருவாக்கினது, கொஞ்சம் சாது. சண்டைக்கோழி வம்சத்துப் பெருவிடையை அதோட விட்டா யாரு ஜெயிப்பான்னு சொல்லவே வேண்டாம். கலக்கக் கூடாதுன்னு சொல்லலை, எங்க வீட்டுலயும் கலந்துதான் மேயுது. மாசத்துக்கு ஒண்ணா வாங்கிச் சேர்க்கிறதுதான் ஆகாது. ஒவ்வொரு தடவையும் வரிசை கலைஞ்சு சண்டை முதல்ல இருந்து ஆரம்பிக்கும். ஒத்தைக் கோழியா விட்டா எல்லாக் கொத்தும் அதுக்கே. ஒரே வயசுல ரெண்டு மூணாச் சேர்த்து, இருட்டின பிறகு கம்புல ஏத்தி விடுங்க.

தாய்க்கோழி குஞ்சு வளர்ந்ததும் கொத்தி விரட்டும். அதைப் பார்த்துட்டு அழுதுக்கிட்டே போன் பண்ணின தங்கச்சி ஒருத்தங்க உண்டு. அது கொடுமை இல்லைம்மா, பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைக்குது.

சரி, ஏன் கொத்துது? பெரும்பாலும் கோழி மேல குத்தம் இல்லைங்க. நாலுக்கு மூணு அடிக் கூண்டுல பத்துக் கோழி, தகரக் கூரை, சித்திரை வெயில், ஒரே ஒரு தட்டு. தட்டைக் காவல் காக்க ஒரு கோழி போதும். ரெண்டு மூணு தட்டைத் தள்ளித் தள்ளி வெச்சா எதைக் காக்கும்? பலகையைச் சுவத்துல சாய்ச்சு வைங்க, ரெண்டு பக்கமும் வழி இருக்கணும். ஒரு பக்கம் அடைச்ச மூலையில மாட்டினா ஓட வழியில்லாம அடி வாங்கும். வெறும் சோறும் குருணையும் போட்டா சத்துப் பத்தாம அடுத்ததோட இறகைப் பிடுங்கித் திங்கும். கரையான் கிடைக்காத ஊர்ல கடலைப் புண்ணாக்கு சேருங்க. அகத்திக்கீரையை ஒரு கட்டுக் கட்டி எட்டிக் கொத்துற உயரத்துல தொங்க விட்டா பாதி நாள் அதுலயே போயிடும்.

"மூக்கை வெட்டிட்டா என்ன?"ன்னு கேட்காதீங்க, அதுக்கு மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வரும். முட்டைப் பண்ணையில சூட்டுக் கத்தி மெஷின் வெச்சுச் செய்யிறாங்க. அலகு நுனி நகம் மாதிரி உணர்ச்சி இல்லாதது இல்லை, உள்ளே நரம்பு ஓடுது. கிளறிப் பொறுக்கித் திங்கிற கோழிக்கு அதுதான் கை. இடத்தைச் சுருக்கினது நாம, வெட்டு வாங்குறது அதுவா?

ரெண்டு தடவை மூடியும் அடங்காத கோழி நூத்துல ஒண்ணு இருக்கும். குழம்பு வைக்க மனசு வரலைன்னா தோட்டம் இருக்கிற வீட்டுக்குக் கொடுத்துடுங்க. எங்ககிட்ட இருக்கிற செவலைப் பெட்டை அப்படி ஒரு மாடியில இருந்து வந்ததுதான். அங்க ஆறு கோழியைத் தட்டுப் பக்கமே வர விடலையாம். இங்க அதுக்கு முன்னால நாலு பேர் இருக்காங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை வைக்குது.