ஸ்கேன் அறிக்கையைக் கண்டு ஓதலை நிறுத்தலாமா?



சென்ற ஷவ்வால் மாதம், ஹிஃப்ழ் வகுப்பில் ஓதும் பத்து வயதுப் பிள்ளையின் தாயார் ஓர் உறையுடன் என்னிடம் வந்தார்கள். அடிக்கடி வந்த தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை அது. பீனியல் சுரப்பியில் சிறிய நீர்க்கட்டி இருப்பதாக எழுதியிருந்தது. "ஹஜ்ரத், மூளையிலேயே கட்டியாம். இனி இவன் மனனம் செய்ய வேண்டாம்" என்று கண்கலங்கினார்கள். அஞ்ச வேண்டியதில்லை என்று மருத்துவர் கூறியிருந்தும், அதை வெறும் ஆறுதல் வார்த்தையாகவே கருதினார்கள்.

அது ஆறுதல் வார்த்தையன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 3,966 பிள்ளைகளுக்கு, சுமார் பத்து வயதில், நோய்க்காக அன்றி ஆய்வுக்காகவே மூளைப் படம் எடுத்தார்கள். முடிவு 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. 25.6 சதவீதத்தினருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, ஏதேனும் ஒரு மாறுபாடு தென்பட்டது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இதே பீனியல் நீர்க்கட்டி! மேற்கொண்டு மருத்துவக் கவனிப்புத் தேவைப்பட்டவை 0.43 சதவீதம் மட்டுமே.

நம் தமிழில் நீர் நிறைந்த சிறு பைக்கும் 'கட்டி', புற்றுக்கும் 'கட்டி' என்பதே பாதி அச்சத்திற்குக் காரணம் என்பேன். ஒருவர் முகம் போல் மற்றவர் முகத்தைப் படைக்காத இறைவன், மூளையை மட்டும் ஒரே அச்சில் வார்த்திருப்பான் என நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்?

ஆயினும் அறிக்கையை அலட்சியம் செய்யுமாறு நான் சொல்லவில்லை. அதே ஆய்வில் ஏழு பிள்ளைகளுக்கு மூளைப் புற்று இருக்கலாம் என ஐயம் எழுந்தது. நாளுக்கு நாள் மிகும் தலைவலி, காலையில் வாந்தி, வலிப்பு, நடையில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். துஆ செய்யுங்கள்; அதனுடன் மருத்துவமும் செய்யுங்கள்.

பெண் பிள்ளையாயின் நாம் செய்வது இன்னும் வேதனைக்குரியது. நாளை நிக்காஹ் பேச்சுக்கு இடையூறாகும் என்று படத்தையே கிழித்துவிடுவோரும் உண்டு. பிற்காலத்தில் மீண்டும் படம் எடுக்க நேரிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பழைய படத்தைத்தான். படம் இல்லையெனில், பிறவியிலிருந்தே இருப்பதும் புதிதாக முளைத்ததாகத் தோன்றக்கூடும்.

பதினொரு நாள்கள் அந்தப் பிள்ளை மதரஸாவுக்கு வரவில்லை. பிறகு கண் மருத்துவர் பார்த்து, பார்வைக் குறைவே தலைவலிக்குக் காரணம் என்றார். இப்போது கண்ணாடி அணிந்து முதல் வரிசையில் அமர்கிறான். விடுபட்ட சபக்கையும் ஒப்புவித்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ்.