மெதுவாக நடப்பவருக்கும் இடம் வேண்டும்

மருத்துவர்கள் மிக எளிதாகச் சொல்லும் அறிவுரை, ‘தினமும் அரைமணி நேரம் நடங்கள்’ என்பது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுத் தேய்மானம், மனச்சோர்வு என ஏறத்தாழ எல்லா நோய்க்கும் இதையே சொல்கிறோம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதை எந்தக் கடையில் வாங்குவது என்பது நோயாளிக்குத் தெரியும். ஆனால் எங்கே நடப்பது, யாருடன் நடப்பது என்பதற்கு மருந்துச் சீட்டில் விடை இருப்பதில்லை. அந்த விடையைத் தர முயல்பவை நம் நகரின் நடைக்குழுக்கள். அவற்றின் பணியை வரவேற்கும் அதே நேரத்தில், அவற்றிடம் ஒரு வேண்டுகோளையும் வைக்க விரும்புகிறேன்.

நடையின் பயன் இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1953ஆம் ஆண்டு ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ அறிஞர், லண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இருக்கையிலேயே அமர்ந்து பேருந்தை ஓட்டியவர்களைக் காட்டிலும், இரண்டு தட்டுப் பேருந்தின் படிகளில் நாள்முழுதும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடலுழைப்புக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த ஆய்வுகளில் அது முதன்மையானது. இன்று உலக நல அமைப்பு, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடந்தால் அதன் கீழ்வரம்பை எட்டிவிடலாம்.

இதைத் தனியாகச் செய்பவர்களில் பலர் சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார்கள். குழுவாக நடப்பவர்கள் தொடர்கிறார்கள். காரணம் எளிது: வராத நாளில் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஒருவர் இருக்கிறார். மெரினா கடற்கரையிலும், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும், அண்ணா நகர் கோபுரப் பூங்காவிலும் விடியற்காலையில் சென்றால் இத்தகைய தோழமையைக் காணலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதைகளை அமைத்ததும் இந்த ஆர்வத்துக்கு ஊக்கமளித்தது.

ஆயினும் அந்தக் காலை நேரக் கூட்டத்தில் நான் தேடும் சிலர் இருப்பதில்லை. பக்கவாதத்திலிருந்து மீண்டு கைத்தடியுடன் நடப்பவர் இல்லை. நீரிழிவினால் பாத உணர்ச்சி குன்றியவர் இல்லை. நாலடி நடந்ததும் மூச்சு வாங்கும் நுரையீரல் நோயாளி இல்லை. நோயாளியைக் கவனித்துக்கொள்வதால் வீட்டை விட்டு நகர முடியாத மனைவியோ மகளோ இல்லை. நடையின் தேவை மிகுதியாக உள்ளவர்களே நடைக்குழுவில் இடம்பெறுவதில்லை. எட்டுக் கிலோமீட்டர் என்ற சொல்லே அவர்களை மலைக்க வைக்கிறது. முன்னே செல்பவர்களின் வேகம் அவர்களைக் கூச வைக்கிறது.

கால் இரத்தக் குழாய் அடைப்பினால் கெண்டைக்கால் வலிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி தணிந்ததும் மீண்டும் நடப்பதே அவருக்கான பயிற்சி. அவருக்கு வழியில் ஓர் இருக்கையும், நின்றால் உடன் நிற்க ஒருவரும் தேவை. இரண்டையும் ஒரு நல்ல குழுவால் தர முடியும். எனவே ஒரு நடைக்குழுவின் சிறப்பை அதன் முதல் வரிசையின் வேகத்தைக் கொண்டு அளக்காமல், கடைசி வரிசையில் யார் வருகிறார் என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது தடை, தெரு. பூங்காவுக்கு வாகனத்தில் சென்று நடந்துவிட்டு வாகனத்தில் திரும்புவது எல்லாருக்கும் இயல்வதன்று. வீட்டு வாசலிலிருந்து நடக்க முடிய வேண்டும். இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்ற கொள்கை, 2018க்குள் குறைந்தது 80 விழுக்காட்டுச் சாலைகளில் நடைபாதை என்ற இலக்கை வகுத்தது. அந்த இலக்கு இன்னும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பேருந்து நிறுத்தம் வரை நடந்து பார்த்தாலே அறியலாம். முயன்றால் முடியும் என்பதற்குப் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை சான்று. தடையற்ற நடைபாதை, வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் கூறியிருக்கிறது.

பெயர்ந்த கல்லும், நடைபாதையில் நிறுத்திய இருசக்கர வாகனமும் இளைஞருக்கு வெறும் இடையூறு. எலும்பு மெலிந்த மூதாட்டிக்கு அவை இடுப்பெலும்பு முறிவு. பாத உணர்ச்சி இழந்தவருக்கு ஆறாத புண்.

ஆகவே நடைக்குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு நாளாவது பூங்காவை விட்டு உங்கள் தெருக்களில் நடங்கள். மிக மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யுங்கள். தனி ஒருவரின் புகாரைவிட முப்பது பேரின் புகாருக்கு வலிமை அதிகம்.

நோயாளிகள் குழுவில் சேருமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும். நடக்கும்போது பேச முடிகிற வேகமே சரியான வேகம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சிறிது சர்க்கரையை உடன் வைத்திருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தை மூடும் காலணி அணிந்து, திரும்பியதும் பாதங்களைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று உதவி கேளுங்கள்.

உடனிருந்து பேணுபவர்களுக்கும் ஒரு சொல். நோயாளியை நடக்க வைப்பது உங்கள் கடமை என்று எண்ணுகிறீர்கள். உங்கள் உடலுக்கும் அதே அரைமணி நேரம் தேவை. வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நீங்களும் வெளியே வாருங்கள். அண்டை வீட்டாருள் இருவர் இசைந்தாலும் போதும். அதுவே உங்கள் தெருவின் நடைக்குழு.